மலையிலிருந்து இறங்கும் வழி

கேகாலை மாவட்டத்து அரநாயக்க என்ற ஊர்ப் பெயர் இலங்கைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் இரண்டு தடவை பெரிய எழுத்தில் வந்தது. முதல் தடவை விழுந்தது உலங்குவானூர்தி. 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி, பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபை ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட விமானப்படையின் எம்.ஐ.-17, அரநாயக்கவில் ஊரகந்த மலைத்தொடரில் மோதி நொறுங்கியது. உள்ளே இருந்த 15 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இரண்டாம் தடவை விழுந்தது மலை. 2016 மே 17ஆம் திகதி மாலை சாமசர மலை பிளந்து, சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய மூன்று ஊர்களின் மேல் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தூரம் வழிந்தோடியது. இறந்தோரும் காணாமற்போனோரும் சேர்த்து 127 பேர்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மலைத்தோட்டங்களில் பெரிய விபத்து நடந்தால் காயம்பட்டவர் கீழே எப்படி வந்து சேர்கிறார்? ஏறக்குறைய நூற்றைம்பது வருடமாகக் கேட்கப்படும் கேள்வி இது. வானத்திலிருந்து வந்து தூக்கிப்போகும் இயந்திரம் அதற்குக் கிடைத்த பதில்களில் ஆகக் கடைசியானது, ஆகச் சத்தமானதும் அதுதான். ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களும் சேர்ந்த சப்ரகமுவவின் கதையைப் புரட்டினால், அந்த இயந்திரம் வர வேண்டிய நாளில் வராததற்கும், வந்த நாளில் வேறு வேலைக்கு வந்ததற்கும் காரணங்கள் வரிசையாக நிற்கின்றன.

தோட்டங்களில் தொடக்கத்தில் இருந்தது கம்பளியும் கம்பும்தான். நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, இரண்டு முனையையும் கம்பில் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து மலையிறக்கினார்கள். கூலியாட்களுக்கு மருத்துவம் பார்க்கும் பொறுப்பைச் சட்டத்தில் எழுதியது 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். அதன் கீழ் தோட்டப் பிரதேசங்களை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, ஆஸ்பத்திரிகளும் டிஸ்பென்சரிகளும் கட்டினார்கள். ஆஸ்பத்திரி எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்த அளவுக்கு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை உள்ள செங்குத்தான இரண்டு மூன்று மைல் யாருடைய பொறுப்பு என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அது கம்பளி தூக்கிகளின் பொறுப்பாகவே இருந்துவிட்டது.

களனிப் பள்ளத்தாக்கில் இறப்பர் செழித்த காலத்தில் ரயில் வந்தது. குறுகிய பாதை. அவிசாவளைக்கு 1902இலும், எட்டியாந்தோட்டைக்கு 1903இலும், இரத்தினபுரிக்கு 1912இலும், ஓப்பநாயக்கவுக்கு 1919இலும் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டிக்கும் இறப்பர் தாளுக்கும் போட்ட பாதைதான் என்றாலும், காலொடிந்தவரையும் பிரசவம் சிக்கலான பெண்ணையும் அதே ரயில் கொழும்புக்குக் கொண்டுபோகும் வழி இருந்தது. எட்டியாந்தோட்டைக் கிளையை இரண்டாம் உலகப் போரின்போதே கழற்றிவிட்டார்கள். 1976இல் அவிசாவளைக்கு அப்பால் ரயிலே நின்றது. பிறகு எல்லாம் கொழுந்து லொறிதான். பகலில் கொழுந்து, இரவில் நோயாளி. தோட்டத்து ஆட்களிடம் அம்பியூலன்ஸ் என்று கேட்டால் இன்றைக்கும் லொறியைக் காட்டும் தோட்டங்கள் உண்டு.

உலங்குவானூர்தி காயம்பட்டவரைத் தூக்கத் தொடங்கிய கதைக்கு இலங்கையோடு ஒரு மெல்லிய தொடர்பு இருக்கிறது. 1944 ஏப்ரல் நடுவில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். சில நாள் கழித்து, அந்தத் தலைமையகத்தின் எல்லைக்குள் இருந்த பர்மாவில், காட்டுக்குள் சிறு விமானம் ஒன்று விழுந்தது. அதன் விமானியும் காயம்பட்ட மூன்று பிரித்தானியச் சிப்பாய்களும் சிக்கிக்கொண்டார்கள். அமெரிக்க லெப்டினன்ட் கார்ட்டர் ஹார்மன், சிக்கோர்ஸ்கி வை.ஆர்.-4பி என்ற வலுக்குறைந்த இயந்திரத்தை ஓட்டிப் போய், ஏப்ரல் 25, 26 ஆகிய நாட்களில் நால்வரையும் மீட்டார். போர்க்களத்தில் உலங்குவானூர்தியால் நடந்த முதல் மருத்துவ மீட்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அந்த மீட்பில் கவனிக்க வேண்டியது வீரத்தைவிட எண்ணிக்கை. ஒரு தடவைக்கு ஒருவர்தான். வெப்பக் காற்றில் இயந்திரத்துக்கு அதற்கு மேல் தூக்கச் சக்தியில்லை, நடுவில் சூடேறி நின்றும் போனது. இன்றைய இயந்திரங்கள் பல மடங்கு பலம் கொண்டவை. ஆனாலும் ஒரு தடவைக்கு எத்தனை பேர், எவ்வளவு உயரம், எவ்வளவு வெப்பம் என்ற கணக்கு மாறவில்லை. பெல் 212இல் ஸ்ட்ரெச்சர் வைத்தால் ஆறு பேர், எம்.ஐ.-17இல் பன்னிரண்டு. ஐம்பது பேர் காயப்பட்ட இடத்தில் யாரை முதலில் ஏற்றுவது என்ற தீர்ப்பைத் தரையில் நிற்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் இல்லாத இடத்தில், நடந்து வரக்கூடியவர் முதலில் ஓடிவந்து ஏறிவிடுவார். அசைய முடியாதவர் கிடந்த இடத்திலேயே கிடப்பார்.

இலங்கை விமானப்படை 1951இல் பிறந்தது. 1950களின் நடுவில் வெஸ்ட்லண்ட் டிராகன்ஃபிளை என்ற உலங்குவானூர்திகள் அதன் கைக்கு வந்தன. 1957 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தபோது அவை போதவில்லை. அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் வந்து, அதன் உலங்குவானூர்திகள் ஆட்களை மீட்டு உணவும் இறக்கின. அடுத்த அறுபது எழுபது வருடத்துக்கு இதுவே வழக்கமாகிப்போனது. வெள்ளம் வரும், உள்ளூர் இயந்திரங்கள் பறக்கும், போதாது, அந்நியக் கப்பல் ஒன்று வரும்.

கேகாலை மாவட்டம் உலங்குவானூர்தியை அதிகமாகப் பார்த்தது ஒரு துயரமான சந்தர்ப்பத்தில். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் அந்த மாவட்டம் முக்கிய களங்களில் ஒன்று. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே நேரத்தில் உலங்குவானூர்திகளை அனுப்பின. அதே வருட இறுதியில் தமக்குள் போருக்குப் போகவிருந்த இரண்டு நாடுகள் அவை! அமெரிக்காவிலிருந்து பெல் 47ஜி, சோவியத்திலிருந்து கமோவ் கா-26. ஆக, இந்த மலைவாசிகளுக்கு அந்தச் சத்தம் முதலில் படையின் சத்தமாகத்தான் அறிமுகமானது.

பிறகு வந்த முப்பது வருடப் போர் இயந்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டியது. விமானிகளுக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் காயம்பட்டவரைத் தூக்கும் பயிற்சியையும் கொடுத்தது. கூடவே, அந்த இயந்திரங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் போரே தீர்மானித்தது. பெல் 212 ஓட்டும் 7ஆம் அணி ஹிங்குராக்கொடையில். எம்.ஐ.-17 ஓட்டும் 6ஆம் அணி அனுராதபுரத்தில். இரண்டும் வடமத்திய மாகாணம். ஹிங்குராக்கொடையிலிருந்து கேகாலைக்கு நேர்கோட்டில் 110 கிலோமீட்டர் அளவு வரும். இடையில் மத்திய மலைநாட்டின் விளிம்பு கிடக்கிறது. இரத்தினபுரி இன்னும் தூரம். இரத்மலானையிலிருந்து எடுத்தால் இரத்தினபுரி அறுபது கிலோமீட்டருக்குள்தான், வானம் வெளித்திருந்தால் இருபது நிமிடப் பறப்பு. ஆனால் மண் சரிகிற நாளில் வானம் வெளித்திருக்காது. எல்லாச் சிக்கலுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு போர்க்களத்தில் குண்டுக்கும் மேகத்துக்கும் சம்பந்தமில்லை. சப்ரகமுவவில் ஆபத்தைக் கொண்டுவருவதும் உதவியைத் தடுப்பதும் ஒன்றே. மழை மலையை இறக்குகிறது, அதே மழை மேகத்தை மலையின் இடுப்புவரை இறக்குகிறது. அரநாயக்கவில் மண் சரிவதற்கு முந்திய மூன்று நாட்களில் நானூறு மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியிருந்தது. சரிவுக்குப் பின்னும் மழை விடவில்லை. படையினர் நூற்றுக்கணக்கில் வந்து மண்வெட்டியோடு சேற்றில் இறங்கினார்கள். கனரக இயந்திரங்களைக் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்தது.

அதே நாளில், அதே மாவட்டத்தில், அரநாயக்க அளவுக்குக் கமராக்கள் போகாத இன்னொரு சரிவு நடந்தது. புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயக்காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. புதைந்தவர்கள் பதினாறு பேர், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அரநாயக்கவின் பெரிய எண்ணிக்கைக்குப் பின்னால் இந்தச் சிறிய எண்ணிக்கை ஒளிந்துபோனது. ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு முன் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நாடே பேசியது. களுபஹனவை மலையகத்தவர்களே சிலர் மறந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மண்சரிவில் உலங்குவானூர்திக்கு வேலை குறைவு. மண் ஒருவரைப் பிடித்தால் பெரும்பாலும் முழுதாகப் பிடிக்கிறது. தப்பியவர் தன் காலில் ஓடிவந்துவிடுகிறார். நடுவில் கிடக்கும் காயக்காரர் தொகை சிறியது. விமான விபத்தும் ஏறக்குறைய அப்படித்தான். 1974 டிசம்பர் 4இல் இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த மார்ட்டினேர் டி.சி.-8 சப்த கன்னியர் மலையில் மோதியது. சப்ரகமுவ எல்லைக்கு அடுத்த பக்கம், மஸ்கெலியா பிரதேசம். 191 பேரும் இறந்தார்கள். அங்கே ஆயிரம் உலங்குவானூர்தி போயிருந்தாலும் ஏற்றுவதற்கு உயிருள்ள ஒருவர் இல்லை.

வெள்ளம் வேறு. கூரையில் நிற்பவரையும் பிரசவ வலியோடு தனித்துப்போன பெண்ணையும் டயலிசிஸ் நாள் தவறிய நோயாளியையும் தூக்க அந்த இயந்திரத்தை விட்டால் ஆளில்லை. 2003 மே 17இல் களுகங்கை இரத்தினபுரி நகரை மூழ்கடித்தது. எலபாத்த, பாலாவல பக்கத்தில் மலைகள் இறங்கின. நாடு முழுவதும் இறந்த இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களில் பெரும் பங்கு இந்த மாவட்டத்தினுடையது. சமாதானப் பேச்சுக் காலம் ஆகையால் விமானப்படையின் இயந்திரங்கள் போருக்கு இல்லாமல் வெள்ளத்துக்குக் கிடைத்தன. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் மருத்துவக் குழுக்களோடு வந்தன. அந்தப் பறப்புகளில் பெரும்பாலானவை சமைத்த உணவும் குடிதண்ணீரும் இறக்கவும், தனித்துப்போனவர்களை மேட்டுக்குக் கொண்டுவரவுமே பயன்பட்டன. மருத்துவ மீட்பு என்பது நிவாரணத்தின் ஓரத்தில் நடந்த ஒரு காரியம்.

2017 மேயில் இரத்தினபுரி, காலி, களுத்துறை மறுபடி மூழ்கின. மீட்பவர்களுக்கும் அது கொடுத்த விலை பெரிது. காலி மாவட்டத்தில் உலங்குவானூர்தியிலிருந்து ஆட்களை மீட்டுக்கொண்டிருந்த விமானப்படை வீரர் ஒருவர் விழுந்து இறந்தார். நிவாரணத்துக்குப் போன எம்.ஐ.-17 ஒன்று பத்தேகமவில் விழுந்தது. அதில் இருந்தவர்கள் தெய்வாதீனமாகத் தப்பினார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப்போட்டபோது, 30ஆம் திகதி லுணுவிலவில் பெல் 212 ஒன்று விழுந்து அதன் விமானி உயிர்விட்டார். இந்தியாவில் 2013 உத்தரகண்ட் வெள்ளத்தில் கௌரிகுண்ட் அருகே எம்.ஐ.-17 மலையில் மோதி இருபது பேர் இறந்ததும் இதே கணக்கில் வரும். மோசமான வானிலையில் மலைக்குள் போ என்று விமானியை நெருக்குவது ஒரு விபத்தின் மேல் இன்னொன்றை ஏற்றுவதாகும். தொலைக்காட்சி முன் உட்கார்ந்து "ஏன் இன்னும் ஹெலி போகவில்லை" என்று கேட்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

மலையகத் தமிழருக்கு மிக நெருக்கமான பாடம் கேரளத்தில் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் ராஜமலை பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்களின் மேல் மலை சரிந்தது. எழுபது பேர், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் செத்துப்போன இரவு. வெளியுலகுக்குச் செய்தி எட்டியதே மறுநாள் காலையில். வழியில் பெரியவரைப் பாலம் வெள்ளத்தில் போயிருந்தது. மாநில அரசு விமானப்படையை உதவிக்குக் கேட்டது, வானிலை விடவில்லை. மறுநாள் இரவே அதே மாநிலத்தில் கரிப்பூர் ஓடுபாதையிலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் சறுக்கி உடைந்தது. அங்கே கொட்டும் மழையில், கொரோனா பயத்தையும் பாராமல், ஊர்க்காரர்கள் தங்கள் காரிலும் ஜீப்பிலும் காயம்பட்டவர்களை ஏற்றி ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். 190 பேர் இருந்த விமானத்தில் இறந்தவர்கள் 21. பெட்டிமுடிக்கும் கரிப்பூருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சாலை.

நான்கு வருடம் கழித்து, 2024 ஜூலை 30 விடிகாலை, வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்சரிவில் போயின. அன்று மாலை வானம் கொடுத்த சிறு இடைவெளியில் விமானப்படை உலங்குவானூர்தி சூரல்மலையில் இறங்கிக் காயம்பட்டவர்களைத் தூக்கியது. அது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனாலும் மீட்பின் போக்கை மாற்றியது ஆகஸ்ட் 1இல் இராணுவப் பொறியாளர்கள் கட்டி முடித்த 190 அடி பெய்லி பாலம். அதன் மேல்தான் அம்பியூலன்சும் மண்வெட்டும் இயந்திரமும் மறுகரைக்குப் போயின.

அப்படியானால் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு உலங்குவானூர்தி தேவையில்லையா? தேவைதான். எங்கே என்றால், பலரும் நினைக்காத இடத்தில்: பஸ் விபத்தில். 2025 மே 11 விடிகாலை கொத்மலை கரண்டியெல்லவில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் அதைவிட அதிகம். தலைக் காயம், நெஞ்சுக்குள் இரத்தக் கசிவு, இடுப்பு முறிவு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போனால் பிழைக்கக்கூடியவர்கள் இப்படிப்பட்ட விபத்துகளில்தான் அதிகம். பலாங்கொடையிலிருந்து பெரகலைப் பக்கம் ஏறும் வழியிலும், தெரணியகலை, இறக்குவானைப் பாதைகளிலும் அதே வளைவுகள், அதே பள்ளங்கள். பஸ் விழ மழை அவசியமில்லை. வானம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஜெர்மனியில் 1970இல் மியூனிக்கில் "கிறிஸ்டோஃப் 1" என்ற மீட்பு உலங்குவானூர்தி தொடங்கப்பட்டதும் சாலை விபத்தில் காயம்பட்டவர்களை மனதில் வைத்துத்தான்.

பறந்து வருவது மட்டும் போதாது, இறங்க இடம் வேண்டும். எம்.ஐ.-17இன் மேல் சுழலியே 21 மீற்றர் அகலம். பெல் 212க்கு பதினான்கரை மீற்றர். அதைச் சுற்றி மரமும் மின்கம்பியும் இல்லாத வெளி வேண்டும். தேயிலைச் சரிவில் அப்படிச் சமதளம் கிடைப்பது அரிது. பெரும்பாலான தோட்டங்களில் இருப்பது ஒரே ஒரு விளையாட்டு மைதானம், பக்கத்தில் லயம், லயத்தின் மேல் ஆணி தளர்ந்த தகரம். சுழலி அடிக்கிற காற்றில் அந்தத் தகரம் பறந்தால் மீட்க வந்த இடத்தில் புதிதாக இரண்டு பேர் காயப்படுவார்கள். தோட்டக் குழந்தைகளோ சத்தம் கேட்டதும் ஓடிவந்து சூழ்ந்துகொள்வார்கள். இதையெல்லாம் விபத்து நடந்த பிறகு யோசிக்க நேரமிராது.

தரையில் நல்ல மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை, இந்திய அரசின் நன்கொடையோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் பரவியது. மலையகத் தாய்மார் எத்தனையோ பேருக்குக் கொழுந்து லொறிக்கு மாற்றாக வந்த முதல் வாகனம் அது. அந்த அம்பியூலன்சும் தோட்டத்துப் பாதை விடும் இடம்வரைதான் வரும். கல் பெயர்ந்த பாதையில் அது பெரிய றோட்டிலேயே நின்றுவிட, நோயாளி லயத்திலிருந்து அதுவரை பழையபடி தோளிலோ லொறியிலோ வர வேண்டியிருக்கிறது. 1872 சட்டம் விட்ட அதே இரண்டு மூன்று மைல்.

செய்ய வேண்டியது பெரிய செலவுக் காரியமல்ல. கேகாலை, இரத்தினபுரி மாவட்டச் செயலகங்களும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் விமானப்படையும் தோட்டக் கம்பனிகளும் ஒரு தடவை கூடி, எந்தத் தோட்ட மைதானத்தில் எந்த ரக இயந்திரம் இறங்கலாம் என்று அளந்து, மின்கம்பி எங்கே இருக்கிறது என்று குறித்து, அந்தப் பட்டியலைப் பிரதேச செயலகத்திலும் தோட்டக் காரியாலயத்திலும் வைக்க வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவருக்குக் காயம்பட்டோரைத் தரம் பிரிக்கும் பயிற்சி வேண்டும். தலைவர்மாருக்கும் இளைஞர்களுக்கும் ஸ்ட்ரெச்சர் தூக்கும் பயிற்சி வேண்டும். தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து பெரிய றோட்டுவரையுள்ள பாதையை அடுத்த மழைக்கு முன் செப்பனிட வேண்டும். இதில் எதைத் தொடங்குவதானாலும் பாதையிலிருந்து தொடங்கட்டும்.